ஆக்டேவியா ஆர்எஸ்ஸுக்கு ஸ்போர்ட்ஸ் எக்ஸாஸ்ட்: பின்பாதி மட்டும் போதுமா, டவுன்பைப்பும் மாற்றணுமா?

கொங்கு_ஆர்எஸ்:

வணக்கம். என்னிடம் இருப்பது ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230, 2018 பதிவு, கோவை வண்டி, போன வருடம் செகண்ட் ஹேண்டில் எடுத்தது. 2 லிட்டர் டர்போ பெட்ரோல், 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் டார்க், ஆறு கியர் டிஎஸ்ஜி. இன்ஜினில் கை வைக்கவில்லை, எல்லாம் கம்பெனி நிலையில்தான் இருக்கிறது. ஓட்ட அருமையான வண்டி, ஆனால் சத்தம் மட்டும் ஏதோ வங்கி மேனேஜர் வண்டி மாதிரி அடக்க ஒடுக்கமாக வருகிறது. ஸ்போர்ட் மோடில் உள்ளே கொஞ்சம் உறுமல் கேட்கிறது, கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டால் வெளியே அது இல்லவே இல்லை, அது எப்படி என்றே புரியவில்லை.

விசாரித்ததில் மூன்று வழி சொல்கிறார்கள். ஒன்று, உள்ளூர் பட்டறையில் நடு சைலன்சரை அறுத்துவிட்டு நேர் பைப் வைத்து வெல்ட் அடிப்பது, சில ஆயிரங்களில் முடிந்துவிடும். இரண்டு, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு (சுருக்கமாக கேட்) பின்னால் இருக்கும் மொத்தத்தையும் மாற்றும் செட், வெளிநாட்டு பிராண்ட் என்றால் விலை லட்சங்களில் போகிறது, இங்கேயே செய்து தருகிறேன் என்று ஒரு ஃபேப்ரிகேட்டரும் இருக்கிறார். மூன்று, டர்போவிலிருந்து இறங்கும் டவுன்பைப்பையும் சேர்த்து மாற்றி, அதிலுள்ள கேட்டை எடுத்துவிட்டு, ஸ்டேஜ் 2 ரீமேப் போடுவது, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் டியூனை அதற்கேற்ப மாற்றி எழுதுவது. மூன்றாவதைச் சொன்னவர் முன்னூறு குதிரை வரும் என்று ஆசை காட்டுகிறார்.

வண்டியில் மனைவியும் மூன்று வயது மகளும் வருவார்கள், சேலம் வழியாக சென்னை போய் வருவது அடிக்கடி உண்டு. சத்தம் வேண்டும், தலைவலி வேண்டாம். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

நெடுஞ்சாலை நரி:

ப்ரோ, மூன்று வயதுக் குழந்தை என்று எழுதிய பிறகும் நடு சைலன்சரை அறுக்கலாமா என்று கேட்கிறீர்களே. முதல் வழியை இப்போதே அழித்துவிடுங்கள்.

பழைய_பிஸ்டன்:

தம்பி, முதலில் அந்த உள்ளே கேட்கும் உறுமல் விஷயம். அது முழுக்க எக்ஸாஸ்ட் சத்தம் கிடையாது. ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ, ஆக்டேவியா ஆர்எஸ் இவற்றிலெல்லாம் முன் கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்ன அதிர்வுப் பெட்டி வைப்பார்கள், சவுண்ட் ஆக்டர் என்று பெயர். இன்ஜின் வேகத்துக்கு ஏற்ப அது தகட்டை அதிரவைத்து கேபினுக்குள் உறுமலை உண்டாக்கும். அதனால்தான் கண்ணாடி இறக்கியதும் ஏமாற்றமாக இருக்கிறது. உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், இருந்தால் கோடிங்கில் குறைக்கலாம், நிறுத்தவும் செய்யலாம். புது எக்ஸாஸ்ட் போட்ட பிறகு இதையும் விட்டு வைத்தால் இரண்டு சத்தமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, எது எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் போகும்.

அடுத்தது பவர். டர்போ வண்டியில் கேட்டுக்குப் பின்னால் இருக்கும் பைப்பை மட்டும் மாற்றினால் உங்களுக்குக் கிடைப்பது சத்தம், கொஞ்சம் எடை குறைவு, அவ்வளவுதான். புகை வழி நெருக்கப்படும் இடம் டர்போவுக்கு அடுத்து ஒட்டினாற்போல் உட்கார்ந்திருக்கும் கேட்டில்தான் இருக்கிறது, அதைத் தாண்டி வந்த பிறகு பின்பக்க பைப் எவ்வளவு அகலமாக இருந்தாலும் ஸ்டாக் டியூனில், அதாவது கம்பெனி செட்டிங்கில், பெரிதாக ஒன்றும் மாறாது. யாராவது பின்பாதிக்கு மட்டும் 15 குதிரை கூடும் என்றால், மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒரே டைனோவில் (பவர் அளக்கும் மிஷின்), ஒரே நாளில் எடுத்த இரண்டு வரைபடத்தைக் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

இன்னொன்றும் சொல்வார்கள், பேக் பிரஷர் இல்லாவிட்டால் பிக்கப் போய்விடும் என்று. பைக் ஓட்டுபவர்களிடமிருந்து வந்த பேச்சு அது. டர்போ இல்லாத இன்ஜினில் பைப் ரொம்ப அகலமானால் புகையின் வேகம் குறைந்து, ஒரு சிலிண்டரின் புகை அடுத்ததை இழுத்துவிடும் அந்த உதவி கெட்டுப்போய், கீழ் ஆர்பிஎம்மில் இழுவை குறையும், அதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். டர்போவில் கதை வேறு. டர்பைனுக்கு முன்னால் அழுத்தம் அதிகமாகவும் பின்னால் குறைவாகவும் இருந்தால்தான் அது சீக்கிரம் சுற்றும், அதனால் பின்னால் எவ்வளவு திறந்திருக்கிறதோ அவ்வளவு நல்லது. உங்கள் இன்ஜினில் புகையை ஒன்றுசேர்க்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்க்கப்பட்டு, டர்போ நேராக ஹெட்டில் போல்ட் ஆகிறது. எனவே ஹெட்டர்ஸ் (தனியாகச் செய்த மேனிஃபோல்ட் பைப்புகள்) மாற்றலாம் என்று எவராவது சொன்னால் அவர் இந்த இன்ஜினைத் திறந்ததே இல்லை என்று அர்த்தம்.

இப்போது தலைவலி. நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கும். 2,400 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 40 சுற்று, அதாவது 80 ஹெர்ட்ஸ். நெடுஞ்சாலையில் மேல் கியரில் நிதானமாகப் போகும்போது வண்டி அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் ஓடும், கார் கேபினும் அதே மாதிரி தாழ்ந்த அதிர்வெண்ணில்தான் கூடவே சேர்ந்து முழங்கும். இதைத்தான் ட்ரோன் என்கிறோம். அரை மணி நேரம் உரலில் தலையை விட்ட மாதிரி இருக்கும். ஆக்டேவியாவுக்குக் கூடுதல் சிக்கல், பின்கதவு கண்ணாடியோடு சேர்ந்து தூக்கும் லிஃப்ட்பேக், டிக்கிக்கும் கேபினுக்கும் நடுவே தகரத் தடுப்பு கிடையாது. செடானில் அடங்கிவிடும் சத்தம் இதில் பின்சீட்டுக்கு நேராக வரும். உங்கள் மகள் உட்காரும் இடம் அதுதான்.

ஆகவே இரண்டாவது வழி, அதிலும் நடுவில் ரெசனேட்டர், அதாவது முழக்கத்தை அடக்கும் பெட்டி, உள்ள செட். ஒரே பிராண்டில் ரெசனேட்டர் உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகை விற்பார்கள், யூடியூபில் கேட்க நன்றாக இருப்பது எப்போதும் இல்லாத வகைதான். அந்த வீடியோ எடுத்தவர் கேமராவை பம்பருக்குப் பின்னால் வைத்திருக்கிறார், நீங்கள் உட்காரப்போவது உள்ளே.

ட்ராக்டே_தினேஷ்:

பிஸ்டன் அண்ணா சொன்னதில் பாதி சரி, மீதியில் எனக்கு உடன்பாடு இல்லை. லட்சக்கணக்கில் செலவு செய்து வெறும் சத்தம் மட்டும் வாங்குவது வீண். இந்த வண்டியின் உண்மையான சுகமே டவுன்பைப்பும் டியூனும் போட்ட பிறகுதான் தெரியும், 2,000 ஆர்பிஎம்மிலேயே டர்போ எழுந்துவிடும், மேலே மூச்சு முட்டாது. கேட்டை முழுக்க எடுக்கச் சொல்லவில்லை. 200 செல் (சதுர அங்குலத்துக்கு 200 துளை) ஸ்போர்ட்ஸ் கேட் என்று கிடைக்கிறது, துளைகள் பெரியதாக இருக்கும், புகையும் போகும், நாற்றமும் ஓரளவு அடங்கும். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் ட்ராக் டே நடக்கும்போது வந்து பாருங்கள், நல்ல நேரம் எடுக்கும் ஃபோக்ஸ்வேகன் குடும்ப வண்டிகளில் பாதியில் இதுதான் இருக்கிறது.

ரீமேப் போட்டால் வாரன்டி போகும் என்று பயமுறுத்துவார்கள். 2018 வண்டிக்கு இன்னும் என்ன வாரன்டி இருக்கப் போகிறது?

கருப்புக்கோட்டு:

நண்பர்களே, நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கேட்டவர் தினமும் பொதுச் சாலையில் ஓட்டுபவர், ட்ராக்கில் மட்டும் ஓட்டுபவர் இல்லை. அதனால் இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும்.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, வண்டியைத் தயாரிப்பாளர் குறித்த விவரத்திலிருந்து மாறும்படி மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தில் 182ஏ என்ற பிரிவு மாற்றி எழுதப்பட்டது, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தம், புகை வரம்பை மீறியதாக 190(2) போட்டால் 10,000 ரூபாய் வரை போகும், 3 மாதம் சிறையும் சொல்லப்பட்டிருக்கிறது, லைசென்ஸும் 3 மாதம் முடங்கும். பயணிகள் காருக்கான சத்த வரம்பு 74 டெசிபல், ஆனால் அது தயாரிப்பு நிலையில் ஓடும் வண்டியை வைத்து அளப்பது, ரோட்டில் நிறுத்தி அளக்கும் போலீஸ்காரர் கையில் பெரும்பாலும் காதுதான் மீட்டர்.

நடைமுறையில் பைக் சைலன்சர்களைத்தான் பிடித்து ரோடு ரோலர் ஏற்றி போட்டோ எடுக்கிறார்கள், கார்காரர்கள் தப்பிவிடுகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் விபத்து என்று ஒன்று வந்து இன்ஷூரன்ஸ் சர்வேயர் வண்டிக்குக் கீழே குனிந்து பார்க்கும்போது பேச்சு வேறு மாதிரி இருக்கும். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி க்ளெய்மை இழுத்தடிக்க அவருக்கு நீங்களே காரணம் கொடுக்கிறீர்கள்.

மேபிளவர்_அபார்ட்மென்ட்:

எங்கள் பிளாக்கில் ஒருவர் இப்படிப் போட்டிருக்கிறார். காலை ஐந்தரைக்கு ஸ்டார்ட் செய்தால் மூன்றாவது மாடியில் குழந்தை எழுந்து அழுகிறது. கேட்டால் "நான் ஆக்ஸிலேட்டரைத் தொடவே இல்லையே சார்" என்கிறார். கார் தெரிந்தவர்கள் விளக்குங்கள், தொடாமலேயே எப்படி இப்படிக் கத்துகிறது?

பழைய_பிஸ்டன்:

அவர் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும் சார். இந்த மாதிரி இன்ஜின்கள் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆனதும் கேட்டைச் சீக்கிரம் சூடாக்குவதற்காக ஐடிலை உயர்த்தி, தீப்பொறியைத் தாமதமாக விடும். வெடிப்பின் ஒரு பகுதி பைப்புக்குள் சூடாகவே போகும், சத்தமும் கூடவே போகும். ஒரு நிமிடம் போல இருந்துவிட்டு இறங்கிவிடும். அந்த ஒரு நிமிடம்தான் உங்களுக்கு ஐந்தரை மணி அலாரம். வால்வு வைத்த எக்ஸாஸ்ட் என்றால் ஸ்டார்ட்டில் மூடி வைக்கலாம், அவரிடம் அது இருக்கிறதா கேளுங்கள். இல்லையென்றால் வண்டியை அபார்ட்மென்ட் வாசலுக்குப் பக்கத்து பார்க்கிங்குக்கு மாற்றச் சொல்லி அசோசியேஷனில் பேசிப் பாருங்கள்.

தினேஷுக்கு. ஸ்போர்ட்ஸ் கேட் நல்ல பொருள்தான், ட்ராக்குக்கு. ஆனால் கேட்டுக்குப் பின்னால் இன்னொரு ஆக்ஸிஜன் சென்சார் உட்கார்ந்திருக்கிறது, கேட் வேலை செய்கிறதா என்று பார்ப்பதே அதன் வேலை. 200 செல் போட்டால் பல வண்டிகளில் பி0420 என்று கோட் வந்து இன்ஜின் விளக்கு எரியும், அதை டியூனில் அணைத்து வைப்பார்கள், அதன் பிறகு நிஜமாகவே கேட் செத்தாலும் உங்களுக்குத் தெரியாது. பிஎஸ்4 பெட்ரோல் காருக்குப் புகைச் சான்றில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் வர வேண்டும். கேட் இல்லாத வண்டி அதில் நேர்மையாகத் தேறுவது கஷ்டம், எப்படித் தேறுகிறது என்று நான் எழுத வேண்டியதில்லை. சிக்னலில் ஏசி போட்டு நிற்கும்போது உள்ளே வரும் அந்த நாற்றம், அது போதும் வீட்டில் சண்டை வர.

கூடவே முன்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி. 350 நியூட்டன் மீட்டருக்கே மழையில் டயர் சுழல்கிறது.

ட்ராக்டே_தினேஷ்:

டயர் நல்லதாகப் போட்டால் சுழலாது அண்ணா. சரி, குழந்தை இருக்கும் வண்டிக்கு கேட்டை எடுக்க வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மற்றபடி என் கருத்து அப்படியேதான்.

ஸ்டட்கார்ட்_சிவம்:

இங்கே ஜெர்மனியில் எப்படி என்று ஒரு ஒப்பீட்டுக்குச் சொல்கிறேன், இந்த வண்டி இங்கே தெருவுக்குத் தெரு நிற்கும். ஸ்போர்ட்ஸ் எக்ஸாஸ்ட் போடுவதை யாரும் குற்றமாகப் பார்ப்பதில்லை, ஆனால் பெட்டியின் மேல் வட்டத்துக்குள் ஈ எழுத்தும் ஒரு எண்ணும் குத்தியிருக்க வேண்டும், ஈ1 என்றால் ஜெர்மனி அனுமதித்தது, ஈ11 பிரிட்டன், ஈ26 ஸ்லோவேனியா. அந்தக் குறி உங்கள் மாடலுக்கும் பொருந்தினால் பெரிய கேள்வி இல்லை. குறி இல்லாததைப் போட்டால் டியூவி என்ற வாகனச் சோதனை நிறுவனத்துக்குப் போய்ச் சோதித்துப் பதிய வேண்டும், அவர்கள் மறுத்தால் வண்டியின் இயக்க அனுமதியே செல்லாமல் போகும். ஆர்சி மாதிரியான தாளில் யு.1 என்று ஒரு கட்டம் உண்டு, வண்டி நிற்கும்போது எத்தனை டெசிபல் என்று அதிலேயே அச்சிட்டிருக்கும், போலீஸ் மீட்டரை வைத்து அந்த எண்ணோடு ஒப்பிடுவார்கள். காதால் அளப்பதில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வெளிநாட்டு பிராண்ட் வாங்குவதாக இருந்தால் அந்த ஈ குறி உள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள். ஒரே கம்பெனி ஒரே வண்டிக்கு அனுமதி பெற்றது ஒன்று, ட்ராக்குக்கு மட்டும் ஒன்று என்று இரண்டு செய்யும். இந்தியச் சட்டத்தில் அந்தக் குறி உங்களைக் காப்பாற்றாது, ஆனால் சத்தம் ஒரு எல்லைக்குள் இருக்கும் என்பதற்கு அதைவிட நல்ல உறுதி கிடையாது. மில்டெக், ரெமுஸ் இரண்டு பிராண்டையும் இங்கே நண்பர்கள் வண்டியில் கேட்டிருக்கிறேன், ஊருக்குள் அடக்கமாக இருந்து மிதிக்கும்போது மட்டும் வாய் திறக்கும் வகை எனக்குப் பிடித்தது.

கொங்கு_ஆர்எஸ்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. டவுன்பைப் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். வக்கீல் சார் எழுதியதையும் மனதில் வைத்துக்கொள்கிறேன், ஸ்டாக் சிஸ்டத்தைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக வைக்கப் போகிறேன்.

இறக்குமதி விலைக்குக் கை வரவில்லை, அதனால் உள்ளூர் ஃபேப்ரிகேட்டரிடமே பேசினேன். 304 ஸ்டெயின்லெஸ், 76 மில்லி பைப், நடுவில் ரெசனேட்டர், பின்னால் ஒரு பெட்டி, இரண்டு பக்கமும் வாய் என்கிறார். காந்தத்தை வைத்துக் காட்டினார், ஒட்டவில்லை, அதனால் 304தான் என்கிறார். வேறு என்ன கேட்க வேண்டும்? ட்ரோன் வந்தால் என்ன செய்வது என்று கேட்டதற்கு "வராது சார்" என்று மட்டும் சொன்னார்.

பழைய_பிஸ்டன்:

"வராது சார்" என்று சொல்பவரிடம் வந்தால் யார் செலவு என்று எழுதி வாங்குங்கள் தம்பி.

காந்தம் ஒட்டாததால் அது காந்தம் ஒட்டும் 409 ரக ஸ்டெயின்லெஸ் இல்லை என்று மட்டும்தான் தெரியும். 202 ஸ்டெயின்லெஸ்ஸிலும் காந்தம் ஒட்டாது, விலை குறைவு, பார்க்க ஒரே பளபளப்பு, நிக்கல் குறைவாக இருப்பதால் சீக்கிரம் துருப்பிடிக்கும். கோவையில் உலோகம் சோதிக்க இடத்துக்கா பஞ்சம், ஃபவுண்டரிக்காரர்கள் யாரையாவது கேட்டால் எக்ஸ்ரே துப்பாக்கி வைத்திருக்கும் லேப் எதுவென்று சொல்வார்கள், பைப் துண்டு ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினால் அங்கேயே நிக்கல், குரோமியம் எத்தனை என்று சொல்லிவிடும். நிக்கல் 8 சதவீதம் வந்தால் 304.

வளைவுகளைப் பாருங்கள். மாண்ட்ரல் பெண்ட் என்றால் வளைந்த இடத்திலும் பைப் முழு வட்டமாக இருக்கும், சாதாரண மிஷினில் வளைத்தது உள்பக்கம் நசுங்கி மடிப்பு விழுந்திருக்கும், அங்கே 76 மில்லி என்பது பேச்சுக்குத்தான். வெல்டிங் டிக் (TIG) வகையாக இருக்க வேண்டும், அடிக்கும்போது பைப்புக்கு உள்ளேயும் ஆர்கான் விட வேண்டும். விடாவிட்டால் வெளியே அழகாக வானவில் நிறத்தில் இருக்கும், உள்ளே கருகி முள்முள்ளாக நிற்கும். ஒரு துண்டை அறுத்து உள்ளே காட்டச் சொன்னால் நல்ல வெல்டர் பெருமையாகக் காட்டுவார்.

76 மில்லி உங்களுக்குத் தேவையே இல்லை என்பது என் எண்ணம். ஸ்டாக் டியூனுக்கு 63 அல்லது 70 போதும், சத்தமும் அடர்த்தியாக வரும், பின்சஸ்பென்ஷனுக்கு மேலே வளைந்து போகும் இடத்தில் இடமும் கிடைக்கும். இந்த வண்டி ஏற்கெனவே தாழ்வு, நம் ஊர் ஸ்பீட் பிரேக்கர் எப்படி என்று உங்களுக்கே தெரியும்.

ட்ரோனுக்கு மருந்து இருக்கிறது. மெயின் பைப்பிலிருந்து ஒரு பக்கப் பைப்பைக் கிளையாக எடுத்து முனையை அடைத்துவிடுவது, ஜே பைப் என்பார்கள். உள்ளே போன அலை அடைப்பில் மோதித் திரும்பி வந்து, வரும் அலையை அந்த ஒரு அதிர்வெண்ணில் மட்டும் அழிக்கும். நீளம் அலைநீளத்தில் கால் பங்கு இருக்க வேண்டும். 80 ஹெர்ட்ஸுக்குச் சாதாரணக் காற்றில் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் வரும், ஆனால் சூடான புகையில் ஒலி வேகமாகப் போகும், 300 டிகிரியில் கணக்குப் போட்டால் ஒன்றரை மீட்டர். அடைத்த கிளைக்குள் அவ்வளவு சூடு நிற்காது, ஆகவே இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ அமையும். முதலில் நீளமாக விட்டு, ஓட்டிப் பார்த்து, அறுத்து அறுத்துச் சரிசெய்வதுதான் வழி. இதற்கு இடம் விட்டு பைப்பை ஓட்டச் சொல்லுங்கள், பிறகு தேடினால் கிடைக்காது.

நெடுஞ்சாலை நரி:

ஸ்டாக்கை அப்படியே கழற்ற முடியாது என்பதையும் சொல்லிவிடுங்கள் அண்ணா. கம்பெனியிலிருந்து நடுவும் பின்னும் ஒரே துண்டாக வரும், பின்சஸ்பென்ஷனுக்கு மேலே போகிறது.

பழைய_பிஸ்டன்:

ஆமாம், மறந்தே போனேன். பின்சஸ்பென்ஷனை இறக்கினால்தான் முழுதாக வரும், எந்தப் பட்டறையிலும் அறுக்கத்தான் பார்ப்பார்கள். அறுப்பதானால் கண்ட இடத்தில் கிரைண்டர் போட விடாதீர்கள். பைப்பில் சின்னதாகக் குழி அடித்த குறி இருக்கும், சர்வீஸில் பாதி மட்டும் மாற்றுவதற்காகக் கம்பெனியே காட்டிய இடம் அது. அங்கே நேராக அறுத்தால் நாளைக்கு ஸ்லீவ் கிளாம்ப் போட்டு ஸ்டாக்கை மறுபடி ஏற்றிவிடலாம், ஆர்டிஓ போனாலும் சரி, வண்டியை விற்றாலும் சரி.

மாட்டிய பிறகு முதல் சூட்டில் பைப்பில் ஒட்டிய எண்ணெய் எரிந்து புகை வரும், பயப்பட வேண்டாம். நன்றாக ஓட்டி, ஆறவிட்டு, எல்லாக் கிளாம்பையும் மறுபடி முறுக்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, வாயை ஈரத் துணியால் ஒரு கணம் பொத்தினால் எங்கே கசிகிறதோ அங்கே "உஸ்" என்று கேட்கும். பம்பருக்கும் வாய்க்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடமாவது வேண்டும், சூட்டில் பைப் நீளும். வண்டிக்கு அடியில் பைப் போகும் டனலில் சூட்டைத் தடுக்க இருக்கும் அலுமினியத் தகடுகளை இடைஞ்சல் என்று கழற்றிப் போட்டுவிடுவார்கள், எண்ணிப் பாருங்கள்.

கொங்கு_ஆர்எஸ்:

63க்கே சம்மதிக்க வைத்துவிட்டேன், ஆனால் ஜே பைப் என்றதும் முகம் சுளித்தார், இடம் விடுகிறேன் என்று மட்டும் ஒப்புக்கொண்டார். அடுத்த வாரம் லிஃப்ட் கிடைக்கிறது. கிளாம்ப் போல்ட்டை எந்தப் பக்கம் வைப்பது என்று ஏதாவது இருக்கிறதா?

பழைய_பிஸ்டன்:

பக்கவாட்டில் படுக்க வையுங்கள், நட்டு சாவிக்கு எட்டும்படி. கீழே தொங்கினால் முதல் ஸ்பீட் பிரேக்கரிலேயே வழித்துக்கொண்டு போகும்.